ஸ்டுடியோக்காரரும் நான்காவது கொக்கும்

இருபது வருஷமாக பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுத்து எடுத்து ஸ்டுடியோக்காரருக்கு ஒரு வியாதியே பிடித்திருந்தது. கேமராவைக் கண்ணில் வைத்தால் போதும், வாய் தானாகத் திறந்து, முகத்தைக் கொஞ்சம் நிமிர்த்துங்க, ரெடி என்று சொல்லிவிடும். ஆளுக்குச் சொன்னால் சரி. கொக்குக்கும் சொன்னால்?

காலண்டர் கம்பெனிக்காரர்கள், மனித வாடையே இல்லாத பன்னிரண்டு கடலோரக் காட்சிகள் கேட்டிருந்தார்கள். மரமும் சேறும் எங்கே ஓடிப்போகும்? பதினொன்று தேறிவிட்டது. மிச்சம் ஒரு பறவை. நாளைக்குள் கொடுக்காவிட்டால் காலண்டர் வேறொருவருக்குப் போய்விடும். முகங்களிடமிருந்து ஒருநாளாவது தப்பிக்க வேண்டும் என்ற அவருடைய நெடுநாள் ஆசையும் அதோடு காலி.

காலையிலிருந்து மனைவியோடு கழிமுகத்தில் படகில் சுற்றியதில் மூன்று கொக்கு. மூன்றையும் நிமிரச் சொன்னார், மூன்றும் பறந்தேபோயின. படகோட்டி சிரிப்பை அடக்கிக்கொண்டு, தண்ணீர் வற்றுகிறது, இன்னும் ஒரு வளைவுதான், அப்புறம் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும் என்றார். மனைவி எதையும் அடக்கவில்லை.

"ஏங்க, கொக்கு என்ன வேலைக்கு மனு போடவா வந்திருக்கு?"

அவருக்கு அழுகையே வந்துவிட்டது. இந்தப் பாழாய்ப்போன வாய் என் பேச்சைக் கேட்டால்தானே என்று புலம்பினார்.

வளைவில், அலையாத்தி மரத்தின் வேர்களுக்கு நடுவே நான்காவது கொக்கு நின்றது. படகோட்டி துடுப்பை மெல்லத் தூக்கிக்கொண்டார். ஸ்டுடியோக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு கேமராவை உயர்த்தினார். வெளிச்சம் சரி, கொக்கும் சரி. விரல்தான் அசைவேனா என்றது! வாய் சொல்லாமல் அந்த விரல் ஒருநாளும் அமுக்கியதில்லையே. கொக்கு ஒரு காலைத் தூக்கியது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டார்.

இத்தனை வருஷம் அவரோடு ஸ்டுடியோவில் நின்றவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. பின்னாலிருந்து உள்ளங்கையால் அவர் வாயை இறுகப் பொத்தினாள்.

"இப்பச் சொல்லுங்க," என்று காதோரம் கிசுகிசுத்தாள்.

சொன்னார். நிமிர்த்தச் சொன்னார், ரெடி என்றார். எல்லாம் அவள் கைக்குள்ளேயே அடங்கிப்போனது. விரல் அமுக்கியது. கொக்கு நின்ற இடத்திலேயே நின்றது.

படம் அவ்வளவு அழகாக வந்திருந்தது. படகோட்டிகூட எட்டிப் பார்த்துத் தலையாட்டினார். படகு திரும்பியதும் அவள் கையை எடுக்கப் போனாள். அவர் விடாமல் பிடித்து வாயோடு வைத்துக்கொண்டு, இன்னும் ஏதோ சொன்னார். படகோட்டிக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அவள் முகம் சிவந்துவிட்டது. "சும்மா இருங்க, ஆள் இருக்காங்க," என்றாள். கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.