இரண்டாவது தாழ்ப்பாள்

2014ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, முற்பகல் பத்து மணி இருபது நிமிடத்துக்கு, பொறியியல் கல்லூரியின் வானூர்தித் துறைக் கருத்தரங்க அறையில் இறுதியாண்டுத் திட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு தொடங்கியது. திட்டத்தின் தலைப்பு, சிறு பயிற்சி விமானங்களில் விமானியின் இருக்கைக்கு இரண்டாவது தாழ்ப்பாள் என்பது. செய்தவர்கள் இருவர், தேர்வாளர்கள் மூவர். துறைத்தலைவரும் வழிகாட்டிப் பேராசிரியையும் கல்லூரியைச் சேர்ந்தவர்கள். வெளித்தேர்வாளராக வந்திருந்தவர், கல்லூரிக்குப் பின்புறமுள்ள பறப்புக் கழகத்தின் தலைமைப் பொறியாளர். திட்டத்தைச் செய்த மாணவியின் அண்ணன் அவருக்குக் கீழே மெக்கானிக்காக வேலை பார்த்தான். இது மூவருக்கும் தெரியும். அதை ஒரு குறையாக அதுவரை எவரும் கருதவில்லை.

அந்த மாணவியை வீட்டில் எலி என்பார்கள். எதையும் ஓரத்திலிருந்து கொறித்துப் பார்க்காமல் விடமாட்டாள் என்பதால் வந்த பெயர்; கல்லூரியிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. அவளுடைய கூட்டாளி ஆறடிக்கு மேலும் இரண்டு அங்குலம் வளர்ந்தவன். அவனுக்கு நெட்டை என்ற பெயரை வைக்க எவரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

தலைப்பு எளிதில் அமையவில்லை. சிறு விமானத்தை எவ்வகையிலாவது மேம்படுத்த வேண்டும் என்பதே துறை விதித்த வேலை. முந்தைய ஆகஸ்டில் நெட்டை ஒரு தாள் நிறைய யோசனைகளோடு எலியின் வீட்டுக்கு வந்தான். வேலை முடிந்து வந்து நகக்கண்ணில் இருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்த அண்ணன் ஒவ்வொன்றாகக் கேட்டான்.

"இறக்கை மேல சோலார் தகடு ஒட்டலாம்ணா."

"எடை?"

"நாப்பது கிலோ கூடும்."

"அப்ப விமானிய இறக்கி விட்டுருங்க, கணக்கு சரியாப் போயிடும். அடுத்தது?"

"இறக்கை நுனிய மேல வளைச்சா எரிபொருள் மிச்சம். மணிக்குக் கால் லிட்டர்."

"அத நாங்க தரையிலயே சிந்திடறோம். அடுத்தது?"

"மொத்த விமானத்துக்கும் ஒரு பாராசூட்."

"பிரமாதம். யாரு அத மடிச்சு வைக்கிறது, உங்கம்மாவா?"

"அவன் அம்மாவ ஏண்டா இழுக்கற?" என்று உள்ளிருந்து அம்மா அதட்டினாள்.

எலிக்குப் பொறுமை போயிற்று. "எல்லாத்துக்கும் நொட்டை சொல்லத் தெரியுதே, நீ ஒண்ணு சொல்லு பாப்போம்."

அண்ணன் துணியைக் கீழே வைத்தான். "சீட்ட நகராம நிறுத்துங்க. அது போதும்."

அவன் சொன்னது வேடிக்கையன்று. அவ்விமானங்களில் விமானியின் இருக்கை இரண்டு அலுமினியச் சட்டங்களின்மேல் முன்னும் பின்னும் நகரும். பணிமனையில் அவற்றுக்குத் தண்டவாளம் என்றே பெயர். அவற்றில் ஒன்றில் வரிசையாகப் பன்னிரண்டு துளைகள் இருக்கும். இருக்கையின் அடியிலுள்ள ஊசி வேண்டிய துளையில் இறங்கி இருக்கையைப் பிடித்துக்கொள்ளும். துளை தேய்ந்து அகன்றுவிட்டால் ஊசி முழுமையாகப் பிடிக்காது. விமானம் தரையை விட்டெழுந்து மூக்கை உயர்த்தும் கணத்தில் இருக்கை பின்னோக்கி ஓடும், விமானி, கையிலிருக்கும் கட்டுப்பாட்டுத் தண்டையும் தம்மோடு சேர்த்து இழுப்பார், மூக்கு மேலும் உயரும், வேகம் குன்றும். அதற்குப் பிறகு செய்வதற்கு அதிகமில்லை.

ஊசி நழுவினாலும் இருக்கையைத் தடுத்து நிறுத்தும் ஒரு வில் தாழ்ப்பாளை எலி வடிவமைத்தாள். எடை இருநூற்றுப் பத்து கிராம். நெட்டை வரைபடங்களைப் போட்டான். ஆனால், துளைகள் உண்மையில் தேய்கின்றன என்பதற்குச் சான்று வேண்டும் என்றார் வழிகாட்டிப் பேராசிரியை. வந்து அளந்துகொள்ள அண்ணன் அனுமதி கொடுத்தான். குறிப்பிட்ட மணி நேரம் பறந்தபின் நடைபெறும் பரிசோதனையின்போதுதான் இருக்கையைக் கழற்றுவார்கள். ஆகவே அந்த நாள்களில் வரச் சொன்னான். நவம்பர் 9, நவம்பர் 23, டிசம்பர் 7 ஆகிய மூன்று சனிக்கிழமைகளில் எலி மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு கழகத்தின் விமானக் கொட்டகைக்குப் போனாள். அண்ணன் சாப்பிட, அவள் வெர்னியர் அளவியால் அளந்தாள். புதுத் துளையின் விட்டம் எட்டு மில்லிமீட்டர். எட்டரைக்கு மேல் போனால் தண்டவாளத்தை மாற்ற வேண்டும். ஏழு துளைகள் எட்டரையைக் கடந்திருந்தன. ஒன்று ஒன்பதரையைத் தொட்டிருந்தது.

"புதுசு கேக்கலையாண்ணா?"

"கேட்டாச்சு. வருது வருதுங்கறாங்க. ரெண்டு வருஷமா வந்துக்கிட்டே இருக்கு."

பராமரிப்புப் பதிவேட்டில் அவன் என்ன எழுதுகிறான் என்று அவள் கேட்கவில்லை. எழுத வேண்டியதைத்தான் எழுதுவான் என்று நம்பினாள்.

அறிக்கையின் முதல் வடிவில் அந்த அளவுகளுக்குத் தேதி இல்லை. பேராசிரியை அதைத் திருப்பிக் கொடுத்தார். "தேதி இல்லாத அளவு அளவு இல்லம்மா, வதந்தி. எந்த விமானம், என்னைக்கு, எத்தனையாவது துளை, எல்லாம் வேணும்." எலி எல்லாவற்றையும் மூன்றாம் இணைப்பாகச் சேர்த்தாள். அச்சுக்குக் கொடுக்கும்முன் அண்ணனிடம் நீட்டினாள்.

"ஒரு தடவ படிச்சுப் பாரேன்."

"தொண்ணூறு பக்கத்தையா? என்னைப் பாத்தா உனக்குப் பாவமா இல்லையா? படம் இருந்தா காட்டு."

படத்தைக் காட்டினாள். வில்லின் கம்பி இன்னும் சற்றுத் தடிமனாக இருக்கட்டும் என்று அவன் திருத்தினான். "நல்லா வந்திருக்கு எலி," என்றான். மூன்றாம் இணைப்பை அவன் திறக்கவேயில்லை. வழக்கப்படி, தேர்வுக்கு ஒரு வாரம் முன்னதாக அறிக்கையின் பிரதி வெளித்தேர்வாளருக்குப் போய்ச் சேர்ந்தது.

தேர்வன்று எலி முப்பது நிமிடம் தடுமாறாமல் பேசினாள். துறைத்தலைவர் இரண்டு கேள்விகள் கேட்டார், நிறைவாகத் தலையசைத்தார். பிறகு தலைமைப் பொறியாளர் தம் பையிலிருந்து கழகத்தின் பராமரிப்புப் பதிவேட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். மூன்று பக்கங்களில் அடையாளச் சீட்டு செருகியிருந்தது.

"மூணாவது இணைப்புல மூணு தேதி போட்டிருக்கீங்க. அதே மூணு தேதியில எங்க மெக்கானிக் என்ன எழுதியிருக்கார்னு நீங்களே படிங்க."

எலி படித்தாள். இருக்கைத் தண்டவாளம் பரிசோதிக்கப்பட்டது. தேய்மானம் வரம்புக்குள் உள்ளது. மூன்று இடங்களிலும் அதே வாசகம்; கீழே, வலப்பக்கம் சாய்ந்த அண்ணனின் கையெழுத்து.

"ரெண்டுல ஒண்ணு பொய்யா இருக்கணும்," என்றார் அவர். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "உனக்கு வெர்னியர் பழக்கம் உண்டாம்மா? புதுசா பிடிக்கறவங்களுக்குத் தப்பு வர்றது சகஜம்தான்."

வழி திறந்துவிடப்பட்டிருந்தது. தவறாக அளந்ததாக ஒப்புக்கொண்டால் பத்து மதிப்பெண் குறையும். இட்டுக்கட்டியதாக முடிவானால் திட்டம் ரத்தாகும். பட்டம் ஓராண்டு தள்ளிப்போகும். இந்த விதி எலிக்குத் தெரியும். ஆனால் தவறாக அளந்தேன் என்று சொல்லிவிட்டால் துளைகள் தேயவில்லை என்றாகும். துளைகள் தேயவில்லை என்றால் தாழ்ப்பாளுக்கு வேலையில்லை. அண்ணனைக் காட்டிக்கொடுக்கவும் அவளுக்கு மனமில்லை. அவன் தானாகப் பொய் எழுதியிருக்க மாட்டான்; தண்டவாளமே வாய் திறந்தால், கையெழுத்துப் போடச் சொன்னவரின் பெயரும் வெளியே வந்துதானே தீரும் என்று கணக்குப் போட்டாள்.

"முப்பத்தாறு தடவையும் தப்பா அளக்க மாட்டேன் சார். விமானம் அங்கதானே நிக்குது? வாங்க, இப்பவே அளந்துடலாம்."

"தாராளமா," என்று தலைமைப் பொறியாளர் எழுந்தார். அவர் அவ்வளவு விரைவாக எழுந்திருக்கக் கூடாது என்பது அவளுக்குப் பிறகுதான் உறைத்தது.

ஐவரும் மைதானத்தைக் கடந்து கொட்டகைக்குப் போனார்கள். அண்ணன் கதவோரம் நின்றான். அவர்கள் வருவது அவனுக்கு முன்பே தெரிந்திருந்தது போலும், இருக்கை ஏற்கெனவே கழற்றி வைக்கப்பட்டிருந்தது. எலி விமானத்துக்குள் குனிந்தாள். கீறலே விழாத புத்தம்புதிய தண்டவாளங்கள் பளபளத்தன. முதல் துளை எட்டு மில்லிமீட்டர். இரண்டாவது எட்டு. பன்னிரண்டாவதும் எட்டு. அவள் ஒவ்வொன்றையும் உரக்கப் படிக்க, நெட்டை எழுதினான். ஆறாவது துளைக்குப் பின் அவன் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தான்.

பேராசிரியை அண்ணனிடம் கேட்டார். "இத எப்பவாவது மாத்துனீங்களா?"

"இல்லீங்க."

"உங்க தங்கச்சி அளந்தப்ப பக்கத்துல இருந்தீங்களா?"

அண்ணன் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்துப் பேசினான். "சாப்பாடு கொண்டு வருவாங்க. விளையாட்டா எதையாவது அளந்துக்கிட்டு இருப்பாங்க. நான் கவனிக்கலைங்க."

தங்கையை அவன் 'வருவாங்க' என்று சொன்னது அதுவே முதல்முறை.

எலியின் கையில் கோப்பு இருந்தது. ஒவ்வொரு தண்டவாளத்தின் முனையிலும் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். நவம்பரில் அவள் எடுத்த புகைப்படத்தில் பழைய எண் தெளிவாகத் தெரிந்தது; அறிக்கைப் பிரதிகளில் அந்தப் படம் கரிக்கட்டையாக அச்சாகியிருந்தாலும் மூலப்படம் அவளிடமே இருந்தது. எண்ணை ஒப்பிட ஒரு நிமிடம் போதும். ஆனால், பதிவேட்டில் எழுதாமல் விமானத்தில் ஒரு பாகத்தை மாற்றுவது தேய்ந்ததை விட்டுவைப்பதைவிடப் பெரிய குற்றம். மாற்றிய கை அண்ணனுடையது. மாற்றச் சொன்ன வாய்க்கு மையும் இல்லை, கையெழுத்தும் இல்லை. அண்ணன் அவள் விரல் இருந்த பக்கத்தைப் பார்த்தான். அவள் கோப்பை மூடினாள்.

"என்னம்மா சொல்றீங்க?" என்றார் துறைத்தலைவர்.

"ஒண்ணுமில்ல சார்."

மாலை ஆறு மணிக்கு அண்ணன் வீடு திரும்பினான். எலி கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவுக்கு விஷயம் அரைகுறையாகத் தெரிந்திருந்தது. "அண்ணன் பொழப்புல மண்ணைப் போடத்தான் படிச்சியா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டு அடுக்களைக்குப் போயிருந்தாள்.

அண்ணன் எதிரே உட்கார்ந்தான். "போன வெள்ளிக்கிழம வந்துச்சு, புதுசு. ரெண்டு வருஷமா வராதது மூணு நாள்ல வந்துச்சு. பழச அவரே கார்ல எடுத்துட்டுப் போனாரு. நான் என்ன பண்ணட்டும் சொல்லு. கையெழுத்துப் போடற உரிமை வாங்க எனக்குப் பதினோரு வருஷம் ஆச்சு."

"எனக்கு நாலு வருஷம் ஆச்சு."

"நீ ஒரு வருஷத்துல திரும்ப வாங்கிடலாம் எலி. இப்ப விமானம் நல்லா இருக்குல்ல? நீ கேட்டது அதானே?"

துளைகள் இப்போது எட்டு மில்லிமீட்டர், அது மெய். அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. கழகத்தில் இரண்டு விமானங்கள் உண்டு.

"ரெண்டாவதோட தண்டவாளத்தையும் மாத்தியாச்சா?"

அண்ணன் சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினான்.

"உன்னைத்தான் கேக்கறேன். அது எப்படி இருக்கு?"

"இதவிட மோசம்."

"அப்புறம் ஏன் மாத்தல?"

"அத நீ அளக்கலையே," என்றான் அண்ணன்.

அவன் கேலியாகச் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைச் சொன்னான், அவ்வளவுதான். எலி எழுந்து மேசைக்குப் போனாள். அவள் எழுதத் தொடங்கியதைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்தது.

"வேணாம் எலி. மொதல்ல மாட்டறது நான்தான். அவர் பேரு எதுலயும் இல்ல."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"நாளைக்கு அதுல ஏறப்போறவனுக்குத் தெரியாதே."

அவன் தாளைப் பிடுங்கவில்லை. சட்டையை மீண்டும் பொத்தானிட்டுக்கொண்டு வெளியே போனான். இரண்டு விமானங்களைப் பற்றியும் எழுதிய கடிதம் ஒரு பக்கத்தில் முடிந்தது. மறுநாள் காலை அலுவலகம் திறந்ததும் அதை மூலப்படத்தோடு துறைத்தலைவரிடம் கொடுத்தாள்; ஒரு பிரதியைப் பறப்புக் கழகச் செயலாளரிடம் சேர்ப்பித்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கினாள்.

மார்ச் 20ஆம் தேதி, வியாழக்கிழமை, முடிவுகள் தெரிவிக்கப்பட்டன. பறப்புக் கழகம் இரண்டாவது விமானத்தைப் பறக்கவிடாமல் நிறுத்தியது; புதிய தண்டவாளங்கள் வந்தபின் அது மீண்டும் பறக்கும். பதிவேட்டில் எழுதாமல் பாகத்தை மாற்றியதற்காகவும், மூன்று முறை பொய்யாகச் சான்றளித்ததற்காகவும் மெக்கானிக்கின் கையொப்ப உரிமை ஐந்தாண்டுக்குப் பறிக்கப்பட்டது. அவன் விரும்பினால் அதே கொட்டகையில் உதவியாளாக இருக்கலாம். அவன் இருக்க விரும்பினான். வாய்மொழி உத்தரவு எதையும் தாம் கொடுக்கவில்லை என்று தலைமைப் பொறியாளர் எழுதிக் கொடுத்தது ஏற்கப்பட்டது. குறையைக் கண்டறிய ஒத்துழைத்தமைக்காகக் கல்லூரி அவருக்கு நன்றி தெரிவித்தது. அடுத்த ஆண்டுக்கும் அவரே வெளித்தேர்வாளர்.

கல்லூரிக் குழு, தேர்வு முடிந்த பின் கொடுக்கப்பட்ட சான்றைக் கணக்கில் எடுத்துக்கொள்ள விதியில் இடமில்லை என்று தீர்மானித்தது. பேராசிரியை மட்டும் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்தார். மூன்றாம் இணைப்பில் தனக்குத் தொடர்பில்லை என்று எழுதிக் கொடுத்த நெட்டைக்கு வரைபடங்களுக்காகத் தேர்ச்சி வழங்கப்பட்டது. மாணவியின் திட்டம் ரத்து செய்யப்பட்டது. அவள் அடுத்த ஆண்டு வேறொரு திட்டத்தைத் தனியாகச் செய்ய வேண்டும். அதன் தலைப்பைத் துறையே கொடுக்கும்.