இன்னொரு மூச்சு

"மூச்சை நல்லா இழுங்க. அப்படியே பிடிச்சுக்கோங்க." ஒலிபெருக்கியில் செவிலியின் குரல் வந்தது.

ரைலி இழுத்துப் பிடித்தாள். இடது மார்பில் கதிர் பாயும்போது நெஞ்சு விரிந்திருக்க வேண்டும். அப்போதுதான் இதயம் விலகி நிற்கும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். கட்டியை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து வெட்டியெடுத்தாயிற்று. இந்தக் கதிர்வீச்சு, மிச்சமாக எதுவும் உள்ளே தங்கிவிடாமல் இருப்பதற்கு. தலைக்கு மேலே தூக்கி வைத்த கைகள் மரத்துப்போயிருந்தன. இயந்திரம் முனகத் தொடங்கியது. அப்போது அவள் காதருகே யாரோ நீளமாக ஒரு மூச்சை விட்டார்கள்.

ரைலியின் மூச்சு உடைந்தது. இயந்திரம் தானாக நின்றது.

செவிலி உள்ளே வந்தாள். "என்ன ஆச்சு? வலிக்குதா?"

"இங்க வேற யாராச்சும் இருக்காங்களா?"

"உங்களைத் தவிர இங்க யாரும் இருக்க முடியாது." செவிலி போர்வையை வயிறுவரை இழுத்துவிட்டாள். "கொஞ்சம் நிதானமா இருங்க. மறுபடி பாப்போம்."

மறுபடியும் மூச்சைப் பிடித்தாள், எப்படியோ முடிந்தது. ஆனால் அது யாருடைய மூச்சு என்று ரைலிக்குத் தெரியும். முடிவில் சன்னமாக ஒரு சீழ்க்கை கேட்கும். சிறு வயதில் ஒரே கட்டிலில் அதைக் கேட்டுக்கொண்டேதான் தூங்கியிருக்கிறாள். அக்கா ஹில்க்காவும் இதே ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தாள். வரும்போதே நோய் எலும்புக்குப் போயிருந்தது; கதிர் கொடுத்தது வலிக்காக மட்டும். அவளுடைய மகள் விர்வே அப்போது பள்ளிக்கூடச் சிறுமி. அம்மா வெளியூர் வேலைக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லி வைத்திருந்தார்கள். அடக்கத்துக்கு முந்தைய நாள்தான் உண்மையைச் சொன்னார்கள். சொன்னது ரைலி.

அந்த விர்வேதான் இப்போது தினமும் தபால் வேலை முடித்து வந்து சித்தியை அழைத்துப்போகிறாள். அக்காவின் அதே நெற்றி, அதே முன்கோபம்.

காரில் ஏறியதும் ரைலி சொன்னாள். "நாளைலேர்ந்து நான் வரல."

விர்வே சிரித்தாள். "ஸ்கூல்ல நீ சமைச்சுப் போடுறதத் தின்னு அந்தப் பிள்ளைங்களே பொழைச்சுக் கெடக்கு. இந்த மெஷின் உன்னை என்ன பண்ணிடும்?"

ரைலி சிரிக்கவில்லை. பனிக்காலம், மதியம் தாண்டியதுமே இருட்டத் தொடங்கியிருந்தது. கார் ஏரிக்கரைச் சாலைக்குத் திரும்பியதும் சொன்னாள்.

"உங்கம்மா அங்க இருக்கா."

விர்வே காரை ஓரமாக நிறுத்தினாள். கண்ணாடியைத் துடைக்கும் கம்பிகள் மட்டும் போய் வந்துகொண்டிருந்தன. பைத்தியமா என்று கேட்பாள், இல்லையென்றால் டாக்டரிடம் சொல்வோம் என்பாள் என்று ரைலி காத்திருந்தாள்.

"எப்படி இருக்கா?" என்று கேட்டாள் விர்வே.

"மூச்சு விடுறா. நான் அடக்குறப்போ அவ விடுறா. அவ்வளவுதான்."

"கஷ்டப்படுறாளா?"

"இல்ல. தூங்குற மாதிரி."

விர்வே ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உறைந்து வெள்ளையாகக் கிடந்த ஏரியைப் பார்த்தாள். "அம்மா அங்க கெடந்தப்போ என்னை ஒரு தடவகூட உள்ள விடல நீங்க யாரும். இப்ப தெனமும் வெளிய உக்காந்திருக்கேன், எனக்கு ஒரு சத்தமும் கேக்கல. உனக்குத்தான் கேக்குது."

"தப்பும்மா. அன்னிக்கே உன்னக் கூட்டிட்டுப் போயிருக்கணும்."

"இப்ப அது எதுக்கு." முகத்தைத் துடைத்துக்கொண்டு காரை நகர்த்தினாள். "நீ நாளைக்கு வர்ற. பயந்துக்கிட்டு வா, அழுதுக்கிட்டு வா, எப்படியோ வா. நீயும் போயிட்டா எனக்கு யாரு?"

மறுநாள் ரைலி போனாள். ஒலிபெருக்கிக் குரல் சொன்னபடி மூச்சை இழுத்துப் பிடித்தாள். பக்கத்தில் அந்த மூச்சு நிதானமாக ஏறி இறங்கியது, முடிவில் சீழ்க்கை. ஓடிவிடலாம் என்றிருந்தது. ஆனாலும் பிடித்த மூச்சை விடவில்லை. கூரை விளக்கைப் பார்த்தபடி, காதை மட்டும் அந்தப் பக்கம் கொடுத்துக்கொண்டு கிடந்தாள். இயந்திரம் ஒருமுறைகூட இடையில் நிற்கவில்லை.

உடுத்திக்கொண்டு வெளியே வந்தபோது விர்வே எழுந்து நின்றிருந்தாள். ரைலி அவளுக்காகக் கையை நீட்டினாள். விர்வே அதைப் பற்றிக்கொண்டாள், ஆனால் சித்தியைப் பார்க்கவில்லை. ரைலியின் தோளுக்குப் பின்னால் அந்தக் கனத்த கதவு மெல்ல மூடிக்கொண்டிருந்தது. இடைவெளி ஒரு கோடாகக் குறுகி மறையும்வரை, கூட வர வேண்டிய ஒருத்திக்காக நிற்பவளைப் போல அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.