வில்மார் நின்ற கதவு

1

"பகடை மேசையை விட்டுக் கீழ விழுந்தா செல்லாது. இருபத்திரண்டு வருஷமா இதான் சட்டம்."

"சட்டமாம்! என் பொண்ணு கிணத்துல தொங்கிக்கிட்டிருக்கா, கயிறு அறுந்துக்கிட்டிருக்கு. இந்தக் குண்டன் மேசைக்கடியில சட்டத்தைத் தேடுறான்!"

"பொண்ணு இல்ல, இவோன். காகிதம். பதினாலு உயிர்ப்புள்ளி, அதுல ஒன்பது போச்சு."

"அதான்டா உன் வியாதி. உனக்கு அவ பதினாலு. எனக்கு அவ ஆளு."

"அந்த ஆளு அரை மணி நேரமா அழறா, மகாராணி. நாங்க மூணு பேரும் டிக்கெட் வாங்கின மாதிரி உக்காந்து பாத்துக்கிட்டிருக்கோம். இது ஆட்டமா, சாவு வீடா?"

இந்தக் கதை நெல்சனும் இவோனும் போட்ட இந்தச் சண்டையில்தான் பிறந்தது. ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: கதை எழுதும் எண்ணமே எனக்கு இல்லை. "கதை ஆட்டத்தை ரசிக்கச் சரியான முறை என்று ஒன்று உண்டா?" என்று இந்த இணையதளத்துக்கு ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்தேன்.

நான் மில்டன். பாய்சாந்து என்ற ஊரில் பெயின்ட் கடை வைத்திருக்கிறேன், வயது ஐம்பத்திமூன்று. சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு ஷட்டரை இறக்கிவிடுவேன். நாலு மணி வரை ஊர் தூங்கும், தெருவில் நாய்கூட நடக்காது. அந்த நேரத்தில் கடையின் பின்னறையில், பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவே, நாங்கள் நாலு பேர் ஆடுவோம். நான் கதை நடத்துபவன். இடிந்த கோட்டை, உள்ளே இருட்டு, ஒரு கிணறு என்று சொல்லிக்கொண்டே போவேன். மற்ற மூவரும் அவரவர் ஆள் என்ன செய்கிறான் என்று சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடை முடிவு செய்யும்.

நெல்சனுக்கு எண்கள் பிடிக்கும். எத்தனை அடி, எத்தனை உயிர், எந்த வாளால் எவ்வளவு என்று பார்த்து ஜெயிக்க வேண்டும் அவனுக்கு. இவோன் பள்ளிக்கூடத்தில் இசை ஆசிரியை. அவளுக்கு அவள் ஆளாகவே மாறி அழ வேண்டும், சிரிக்க வேண்டும். நாலாவது ஆள் வில்மார், மூன்று வருஷம் கழித்து வந்து சேர்ந்தவன். வில்மார் —

(இந்த வாக்கியத்தை ஆறு தடவை தொடங்கிவிட்டேன். அப்படியே கிடக்கட்டும்.)

2

கட்டுரையின் முதல் தொடக்கம் இது: "எப்படி ரசித்தாலும் சரிதான் என்பவர்கள், தப்பாக ரசிக்கும் ஒருவரோடு வருஷக்கணக்கில் ஒரே மேசையில் உட்காராதவர்கள்."

எழுதியபோது பிடித்திருந்தது. இப்போது பிடிக்கவில்லை. அடித்துவிட்டு இன்னொன்று எழுதினேன்: "ஒருவர் பத்தொன்பது வருஷமாக ஒரே வாக்கியத்தை மட்டும் சொல்லிக்கொண்டு —"

இதோ, கூப்பிடாமலே வில்மார் வந்துவிட்டான். பிறகு வரைபடங்களைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன், அவன் வரக்கூடாது என்பதற்காகவே. முடித்துப் படித்தால் அந்தப் பத்தியில் ஏழு இடங்களில் "கதவு" இருந்தது.

வில்மாரின் வாக்கியம் இதுதான்: "நான் கதவுகிட்ட நிக்கிறேன்."

அவன் ஆளின் பெயர் தோபால், ஒரு காவல்காரன். நாங்கள் எந்த அறைக்குள் போனாலும், உள்ளே புதையல் இருந்தாலும் கல்யாணம் நடந்தாலும், தோபால் கதவருகே நின்றுவிடுவான். பகடை போடு என்றால் வில்மார் போடுவான். எப்படி இருந்தது ஆட்டம் என்றால், "நல்லா இருந்துச்சு" என்பான்.

இங்கே எழுதுபவனாக எனக்கு ஒரு சங்கடம். கதைகளில் பேசாத ஆள் கடைசியில் ஞானியாகிவிடுகிறான். வில்மார் ஞானி இல்லை. பேருந்து நிலையத்தில் பயணப் பைகளை வாங்கி வைக்கும் வேலை. பிஸ்கோச்சோ பன் தட்டு வந்தால் இனிப்பானதையெல்லாம் முதலில் பொறுக்கிவிடுவான், உப்பானது எங்களுக்கு. தாளத்துக்கு ஒத்துவராமல் காலை ஆட்டிக்கொண்டே இருப்பான். அவனை அழகாக்கி எழுதினால் நம்பாதீர்கள்.

3

அந்தச் சண்டை அதோடு முடியவில்லை. கிணற்றில் தொங்கியவளை மறந்துவிட்டு இவோன் வில்மாரைப் பிடித்துக்கொண்டாள்.

"நீயாச்சும் சொல்லு. யார் ஆடுறது சரி?"

"ரெண்டு பேரும் நல்லாத்தான் ஆடுறீங்க."

"சரி, இப்ப நீ என்ன பண்ற?"

"கதவுகிட்ட நிக்கிறேன்."

நெல்சன் சிரித்தான். "அங்க மூட்டைக்குக் காவல், இங்க எங்களுக்குக் காவல். சம்பளம் மட்டும் அங்கதான்."

எனக்கு எரிச்சல் யார்மேல் என்றே தெரியவில்லை. வார்த்தை மட்டும் வில்மார்மேல் போய் விழுந்தது. "பத்தொன்பது வருஷம்டா. ஒரு நாளாச்சும் ஒழுங்கா ஆடேன். நீ ஆடுறது ஆட்டமே இல்ல. கதவை விட்டு உள்ள வா."

அவன் காலாட்டுவதை நிறுத்தினான். "இதை மில்டனா சொல்றியா, கதை நடத்துறவனா சொல்றியா?"

"ரெண்டும்தான்."

"அப்ப சரி," என்றான். "வந்துட்டேன்."

(எங்கள் மேசையில் ஒரு சட்டம் உண்டு. நெல்சனின் விவாதம் தாங்காமல் முதல் வருஷமே போட்டது. கதை நடத்துபவன் வாயால் சொன்னது நடந்தது. திரும்பப் பெற முடியாது.)

அன்று கிளம்பும்போது இன்னொன்றும் நடந்தது. மாத்தே என்ற இலைத் தேநீர் ஒரே குடுவையில் சுற்றிவரும்போது ஒருவர்தான் ஊற்றித் தருவார், எங்களுக்கு அது இவோன். குடித்துவிட்டுக் குடுவையைத் திருப்பித் தரும்போது "நன்றி" என்றால், எனக்குப் போதும், இனி ஊற்றாதே என்று அர்த்தம். சொல்லாத வரைக்கும் நீங்கள் சுற்றில் இருக்கிறீர்கள். வில்மார் தவறாமல் சொல்பவன். அன்று சொல்லவில்லை. குடுவையைக் கொடுத்தான், தொப்பியை எடுத்தான், போய்விட்டான்.

புதன்கிழமை மதியத் தூக்கத்தில் இறந்துபோனான். இதயம் என்றார் டாக்டர். அதில் மர்மம் எதுவும் இல்லை, அவன் அப்பாவும் அப்படித்தான் போனார். அவன் அக்கா மாபெல் மட்டும் ஒன்று சொன்னாள்: "வாசக்கதவு விரியத் தொறந்து கிடந்துச்சு, மில்டன். அவன் அப்படி விடுற ஆளே இல்ல."

4

அடுத்த வாரம் மாபெல் கடைக்கு வந்து ஒரு பள்ளிக்கூட நோட்டைக் கொடுத்தாள். "உங்க ஆட்டத்தைப் பத்தித்தான் எழுதியிருக்கான். எனக்குப் புரியல," என்றாள். போகும்போது ஷட்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

தேதி போட்டு, ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் இரண்டு மூன்று வரி. சிலவற்றை அப்படியே தருகிறேன்.

"உள்ள புதையல் எடுக்கிறாங்க. வெளிய ஒருத்தன் வந்தான். பேசல. நின்னேன். போயிட்டான்."

"இவோன் அருமையா அழுதா. கேட்டுக்கிட்டே நின்னேன். வெளிய ரெண்டு பேர்."

"நெல்சன் ஒரே வீச்சுல மூணு பேரைச் சாய்ச்சான். கைதட்டணும்போல இருந்துச்சு. கையை எடுக்க முடியல, கதவை அழுத்திட்டிருந்தேன்."

"இன்னிக்குப் பதினொண்ணு. அதுல ஒருத்தனுக்கு மில்டன் பேர் தெரிஞ்சிருக்கு."

வாசகர்களே, இதில் ஒன்றைக்கூட நான் சொல்லவில்லை. பத்தொன்பது வருஷத்தில் எந்தக் கதவுக்கு வெளியிலும் நான் யாரையும் நிறுத்தியதில்லை. என் குறிப்புகளையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டேன்.

கடைசிப் பக்கம், அந்தச் சனிக்கிழமை: "உள்ள வரச் சொன்னான். வந்துட்டேன். நல்ல நாள். கதவுக்குத் தாழ் கிடையாது, அதை உள்ள இருக்கிறவங்ககிட்ட சொல்ல மறந்துட்டேன்."

அந்த "நல்ல நாள்" என்னைத் தூங்கவிடவில்லை. அவனைக் கடைசியில் உள்ளே கூப்பிட்டதற்கா அது? அப்படியானால் பத்தொன்பது வருஷம் நாங்கள் கூப்பிடுவதற்காக அவன் காத்திருந்தானா? அல்லது எல்லாச் சனிக்கிழமையும் அவனுக்கு நல்ல நாள்தானா? நோட்டைத் திரும்பப் பார்த்தேன். வேறு எந்த நாளுக்கும் அவன் அப்படி எழுதவில்லை. எந்த நாளையும் மோசம் என்றும் எழுதவில்லை.

5

மறுபடி கூடினோம். நோட்டை மற்ற இருவரும் படித்தார்கள். இவோன் மாத்தே ஊற்றினாள். எனக்கு, நெல்சனுக்கு, பிறகு மறுபடி ஊற்றி, வில்மாரின் காலி நாற்காலிக்கு முன்னால் குடுவையை வைத்தாள்.

"என்ன பண்ற நீ?" என்றான் நெல்சன்.

"அவன் நன்றி சொல்லலியே."

"செத்தவன் எப்படிச் சொல்லுவான்?"

"அப்ப அவனுக்காக நீ சொல்லு."

நெல்சன் பகடையைக் கையில் எடுத்துக்கொண்டான். ஒருவர் குடித்து முடிக்கும் நேரம் காத்திருந்தோம். இவோன் குடுவையை எடுத்தாள், உள்ளே பார்க்கவில்லை, தனக்கு விளிம்புவரை சுடுநீர் ஊற்றினாள். அவனுக்கு ஊற்றியது அப்படியே இருந்திருந்தால் வழிந்திருக்கும். வழியவில்லை.

(இந்த வரியை நீக்கலாமா என்று யோசித்தேன். அவனுக்கு அவள் குறைவாக ஊற்றியிருக்கலாம். நான் பார்த்ததை வைத்திருக்கிறேன்.)

"சரி, ஆரம்பிப்போம்," என்றான் நெல்சன். "இந்த நோட்டு என்னன்னு எனக்குத் தெரியும். கதை நடத்துறவன் சொல்லாதது நடக்கவே இல்ல. வில்மார் தனக்குள்ள ஏதோ ஆடிக்கிட்டிருந்திருக்கான், அவ்வளவுதான்." அப்புறம், சட்டம் பேசும் குரல் இல்லாமல் வேறு குரலில் கேட்டான்: "மில்டன்... இப்ப கதவுகிட்ட யார் இருக்கா?"

ஆட்டக்காரர் கேட்டால் நான் பதில் சொல்லியாக வேண்டும். "யாரும் இல்லை" என்றால், தாழில்லாத கதவில் யாரும் இல்லை. "தோபால் நிற்கிறான்" என்றால், நானே உள்ளே கூப்பிட்டவனை நானே வெளியே தள்ளி, பதினொரு பேருக்கு எதிரே தனியாக நிறுத்துகிறேன்.

"சொல்லாத," என்றாள் இவோன். "இரு. நான் போய் நிக்கிறேன்."

"நீயா? நீ அவங்களைப் பார்த்ததும் உக்காந்து அழுவ. நான் நிக்கிறேன்."

"நீ நின்னா எண்ணிக்கிட்டே இருப்படா, அவங்க உள்ள வந்து மேசையில உக்காந்துருவாங்க!"

"எண்ணணும், மகாராணி. அவன் எண்ணியிருக்கான்ல?"

"அவன் எண்ணினான். நான் அழுததையும் கேட்டான். ரெண்டையும் அவன்தான் பண்ணினான்."

இருபத்திரண்டு வருஷத்தில் இருவரும் ஒன்றுக்காகவே சண்டை போட்டது அன்றுதான். இருந்தும் "நான் கதவுகிட்ட நிக்கிறேன்" என்று ஆட்டத்தில் சொல்ல இருவருக்கும் வாய் வரவில்லை.

அப்போது முன்பக்கம் ஷட்டர் தட்டும் சத்தம் கேட்டது. மணி மூன்று. அந்த நேரத்தில் எங்கள் ஊரில் யாரும் பெயின்ட் வாங்க வரமாட்டார்கள்.

"காத்து," என்றான் நெல்சன்.

"காத்து நிறுத்தி நிறுத்தித் தட்டுமா?"

யாரும் எழுந்து போகவில்லை. நானும் பதில் சொல்லவில்லை. மூன்று சனிக்கிழமைகளாக அதே கேள்வி மேசைமேல் கிடக்கிறது. கூடுகிறோம், குடிக்கிறோம், காலி நாற்காலிக்கும் ஊற்றுகிறோம், ஆடாமல் கலைகிறோம்.

6

முடிவுகள்.

முதல் முடிவு: "கதவருகே தோபால் நின்றுகொண்டிருந்தான், எப்போதும்போல." எழுதினேன், அடித்தேன். எழுதியது சொன்னதாகுமா? சட்டத்தில் வாய் என்றுதான் இருக்கிறது, கை என்று இல்லை. இதை நெல்சனிடம் கேட்கவும் பயமாக இருக்கிறது.

இரண்டாம் முடிவு நெல்சன் தந்தது: "அந்த அறைக்குக் கதவே கிடையாதுன்னு சொல்லிரு." நல்ல சாமர்த்தியம். ஆனால் அப்புறம் நாங்கள் மூவரும் எப்படி வெளியே வருவது?

மூன்றாம் முடிவில் நானே எழுந்து —

இல்லை. இதை எழுத மாட்டேன்.

கட்டுரைக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும் அல்லவா? எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஒருவன் தப்பாக ரசிக்கிறான் என்று பத்தொன்பது வருஷம் நினைத்தேன். அவன் எங்கள் மூவரையும் ரசித்துக்கொண்டிருந்தான், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி. நான் ஒரு தடவைகூட அவனிடம், "வெளிய யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்கவில்லை. கேட்க வேண்டியவன் கதை நடத்துபவன்தான்.

இப்போது சனிக்கிழமை, மதியம் ஒன்று இருபது. ஷட்டர் இறங்கியிருக்கிறது. இரண்டு மணிக்கு மற்ற இருவரும் வருவார்கள். இன்று பதில் சொல்லியே தீர வேண்டும் என்று இவோன் சொல்லிவிட்டாள். முன்பக்கம் ஒரு சத்தம். அவர்கள் சீக்கிரமாக வந்திருக்கலாம். நான் எழுந்து பார்க்கப் போவதில்லை, பார்த்தால் உங்களிடம் சொல்லிவிடுவேன்.

வாக்கியத்தைப் பாதியில் விட்டுப் போகிறேன்:

"கோட்டைக் கதவருகே —"

இதை வாய்விட்டுப் படித்து முடித்துவிடாதீர்கள். உங்கள் மேசையிலும் ஒருவர் கதவருகே நின்றுகொண்டிருந்தால், வெளியே எத்தனை பேர் என்று முதலில் அவரிடம் கேளுங்கள். அவர் சொல்வதையும், என் வாக்கியத்தின் மீதியையும் கீழே எழுதுங்கள். இரண்டு மணிக்குள் யாராவது ஒருவர் பதில் போடுங்கள், தயவுசெய்து.