மஞ்சள் கோடு

திருமலை வாசலிலேயே நின்றுவிட்டார். எப்போதும் "மோகனு, டீ ரெடியா கீதா?" என்று சத்தம் போட்டபடி உள்ளே வருகிற மனுஷர், இன்றைக்குப் புது ஹோஸைத் தோளில் சுற்றிப் போட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். ஜன்னல் வழியாகப் பார்த்த தென்றல் சட்டென்று பின்வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமை கம்பெனி பஸ் கிடையாது. தப்பித்து ஓட வழியும் கிடையாது.

அவள் அண்ணன் மோகனின் டிராக்டர் அப்பா காலத்தது. பின்னால் கலப்பையைத் தூக்கி இறக்க மட்டும்தான் அதில் ஹைட்ராலிக். உழுவதற்கு இப்போது நிலம் எங்கே இருக்கிறது? வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் காம்பவுண்டு சுவர் எழுப்புகிற கான்ட்ராக்டர் ஜல்லி ஏற்றிவந்து கொட்டக் கூப்பிட்டார். ஆனால் மண்வெட்டி போட்டுத் தள்ளுகிற கதையெல்லாம் ஆகாது, தானே சாய்ந்து கொட்டுகிற டிப்பர் டிரெய்லர்தான் வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார். இந்தக் கிழட்டு வண்டியிலிருந்து எண்ணெயை வெளியே எடுத்து டிரெய்லர் தொட்டிக்கு அடியில் இருக்கிற ஜாக்கியைத் தூக்க வைக்க முடியுமா என்று ஆளாளுக்கு உதட்டைப் பிதுக்கினார்கள். "ஏன் முடியாது?" என்றவர் மெக்கானிக் திருமலை ஒருத்தர்தான். கலப்பைக்குப் போகிற எண்ணெயை வழியில் மறித்து, சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு லிவர் வைத்தார். லிவரைத் தள்ளினால் எண்ணெய் ஹோஸ் வழியாக ஜாக்கிக்குப் போகும். பாக்கி இருந்தது அந்த ஹோஸ் மட்டும்தான்.

"ஹோஸு நான் கொண்டாறேன்," என்று முந்திக்கொண்டாள் தென்றல்.

வாய் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் ஒரகடத்தில் ஹோஸ் செய்கிற கம்பெனியில் அவள் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு. அந்தப் பெருமையைக் காட்ட வீட்டில் இதுவரை ஒரு வாய்ப்பும் வந்ததில்லை. "டியூபுக்கு மூடி மாட்டற வேலைக்கு இம்மாம் பவுடரா?" என்று அண்ணி அம்சவல்லி கிண்டல் செய்வாள். அன்றைக்குத் தென்றல் எல்லோரையும் உட்காரவைத்து வகுப்பே எடுத்தாள். "பச்ச புள்ளி வெச்சா ஓகே. மஞ்ச கோடு போட்டா ரிஜெக்ட். என் கோட்ட தாண்டி எதுவும் வெளிய போவாது, தெரியுமா?"

போனது. அவளே கொண்டுவந்தாள். முனையில் இருக்கிற இரும்பு மூடியின் பிடிப்பு போதவில்லை என்று அளந்து பார்த்து மஞ்சள் கோடு போட்டதும் அவள்தான். துணி காயப்போடக் கொடி கட்ட வேண்டும் என்று அந்த ஹோஸைக் கேட்டு சூப்பர்வைசரிடம் கெஞ்சினாள். யாரும் வண்டியில் மாட்டிவிடாதபடி வெட்டி எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். வெட்டவில்லை. வீட்டுக்கு வந்து தின்னர் தொட்டுக் கோட்டைத் துடைத்தாள். மயிரிழை வித்தியாசம், வெளிநாட்டுக்குப் போகிற சரக்குக்குத்தான் இந்தக் கெடுபிடியெல்லாம், நம்ம ஊர் ஜல்லிக்கு என்ன வந்தது என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். "நல்ல மால்தானம்மா?" என்று திருமலை கேட்டபோது, "எங்க கம்பெனிது, அண்ணா," என்று வேறு சொன்னாள்.

காலி டிரெய்லரை அழகாகத்தான் தூக்கியது. ஜல்லி ஏற்றிய முதல் நடையில், பாதி உயரத்தில், ஹோஸ் மூடியை விட்டுப் பிடுங்கிக்கொண்டது. எண்ணெய் பீய்ச்சியடிக்க, தொட்டி தடாலென்று கீழே விழுந்தது. லிவரைத் தள்ளிவிட்டுப் பின்னால் போய், சிக்கிக்கொண்ட பின்கதவை நெம்பிக்கொண்டிருந்த மோகனின் இடது கை கதவிடுக்கில் மாட்டியது. இரண்டு விரல் நசுங்கிப்போனது.

அன்றைக்கு அம்சவல்லி தெருவே கேட்கக் கத்தினாள். "கண்ணு தெரியாத ஆளுக்கு எதுக்குயா ஸ்பேனரு? என் புருசன் கைய தின்னுட்டியே!" திருமலை தலைகுனிந்து நின்றார். தென்றல் கதவுக்குப் பின்னால் நின்றாள். சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். மறுநாளே இன்னொரு வண்டிக்காரர் கோதண்டம் திருமலையின் ஷெட்டிலிருந்த தன் வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அவரைப் பார்த்து இன்னும் ரெண்டு பேர். இந்தச் செய்தி ஒவ்வொன்றாக வந்தபோதெல்லாம் தென்றல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அவ்வளவு கேவலமாக அவள் தன்னை ஒருநாளும் உணர்ந்ததில்லை.

"உள்ள வாண்ணா," என்றான் மோகன் இப்போது, வாசலில் நின்றவரைப் பார்த்து, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்தபடி. அம்சவல்லி டீ போடப் போனாள்.

திருமலை உள்ளே வரவில்லை. நேராக டிராக்டரிடம் போய்க் குந்தினார். பிடுங்கிக்கொண்ட பழைய ஹோஸைக் கழற்றித் தரையில் போட்டார். தென்றல் வெளியே வந்தாள்.

"உங்க கம்பெனி ஹோஸு எப்பிடிம்மா புடுங்கும்?" என்றார், நிமிர்ந்து பார்க்காமல். "பூரா ராத்திரியும் அத்தயேதான் யோசிச்சிகினு இருந்தேன். நான்தான் பிரஷர ஜாஸ்தி வெச்சிட்டேன். வயசாயிடிச்சி, கை நிதானம் தெரியல. உன் பேர வேற கெடுத்துட்டேன்."

தென்றலுக்குக் காது இரண்டும் எரிந்தது. அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"இது கடையில வாங்கனது." புது ஹோஸை அவளிடம் நீட்டினார். "நீ ஒருவாட்டி பாத்து, அந்தப் பச்ச புள்ளிய வெச்சிக் குடும்மா. நீ வெச்சாத்தான் மோகனு லிவர தொடுவான். எனக்கும் தெகிரியமா இருக்கும்."

உள்ளே போய்க் கம்பெனிப் பையைத் திறந்தாள். பச்சை, மஞ்சள், ரெண்டு பெயின்ட் பேனாவும் அதில் எப்போதும் இருக்கும். வெளியே வந்து அவருக்கு எதிரில் குந்தினாள். புது ஹோஸின் மூடியை விரலால் தடவிப் பார்த்தாள். நல்ல பிடிப்பு. அதை அப்படியே அவர் மடியில் வைத்துவிட்டு, தரையில் கிடந்த பழையதை எடுத்தாள். எண்ணெய்ப் பிசுக்கை துப்பட்டாவால் துடைத்தாள். மூடியின் பள்ளங்களில் தின்னர் எட்டாத இடத்தில் மஞ்சள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. மஞ்சள் பேனாவைக் குலுக்கி, அந்த மிச்சத்தின் மேலேயே, ஒரு முனையிலிருந்து மறு முனைக்குக் கோடு இழுத்தாள். பழைய கோட்டின் தடத்திலேயே போனது.

"இன்னாம்மா, அதுல போடற?" என்றார் திருமலை. கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு குனிந்தார். புது மஞ்சளுக்கு அடியில் காய்ந்திருந்த பழைய மஞ்சளை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

டீ தம்ளரோடு வந்த அம்சவல்லி இரண்டடி தள்ளி நின்றுவிட்டாள். அவள் பார்வை ஹோஸின் முனையிலிருந்து தென்றலின் விரலுக்குப் போனது. விரலெல்லாம் ஈரமாக, மஞ்சளாக இருந்தது.