வடக்குச் சாலையில் ஒரு வெள்ளைக் கார்

ஏப்ரல் மாதத் தொற்றுநோய்ப் பட்டியலில், கார்விக் கவுண்டி என்ற எங்கள் சின்ன மாவட்டத்தின் பெயருக்கு எதிரே மாநில சுகாதாரத் துறை "காசநோய்: 1" என்று போட்டது. நோயாளியின் பெயர் போடவில்லை, போடவும் கூடாது. கான்சாஸின் மேற்கு ஓரத்தில், நாலாயிரம் பேருக்கு மேல் இல்லாத ஊர்ப்புறம் எங்களுடையது. அந்த ஒன்று யார் என்று தெரியாமல் ஒருவருக்கும் இருப்புக் கொள்ளவில்லை.

எனக்குத் தெரியும். கவுண்டி சுகாதார அலுவலகத்தில் கணக்கு எழுதுபவள் நான். அலுவலகம் என்றால் கோர்ட் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மூன்று அறைகள். இயக்குநர் மார்லிஸ் டெக்கர்ட், ஒரு நர்ஸ், அரை நாள் வந்துபோகும் இன்னொரு நர்ஸ், நான். தடுப்பூசி, கர்ப்பிணிகளுக்கான சத்துணவு, உணவகச் சோதனை, கிணற்றுத் தண்ணீர்ப் பரிசோதனை எல்லாம் நாங்கள்தான். வருடத்துக்கு இரண்டு லட்சத்துப் பதினான்காயிரம் டாலரில் இத்தனையும் நடக்க வேண்டும். அந்த வருடம் கவுண்டி வாங்கிய சாலை சமன்படுத்தும் இயந்திரம் ஒன்றின் விலையே ஏறக்குறைய அவ்வளவு.

நோயாளியின் பெயர் எல்டன் ஃபங்க். எழுபத்து மூன்று வயது. முப்பத்தோரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். என்னை ஓட்டிப் போயிருக்கிறார், கவுண்டியை நடத்தும் மூன்று கமிஷனர்களில் தலைவரான டுவேன் ஹாபிகரையும் ஓட்டிப் போயிருக்கிறார். கொரியா யுத்தத்துக்குப் போன இடத்தில் உடம்புக்குள் புகுந்த கிருமி ஐம்பது வருடம் சும்மா கிடந்து, மூட்டுவலிக்குக் கொடுத்த மருந்தால் எழுந்துகொண்டது. மனைவி இறந்த பிறகு தனியாக இருந்தார். அவரோடு பழகிய ஒன்பது பேரைச் சோதித்தோம். யாருக்கும் ஒன்றுமில்லை. அந்த ஒன்பது பேரும் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காசநோய்க்கு ஆறு மாதம் மாத்திரை. பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறிவிடும். அதனால் நோயாளி விழுங்குவதை நர்ஸ் ஒருவர் தினமும் கண்ணால் பார்க்க வேண்டும். மருந்தை மாநிலம் இலவசமாகத் தரும். போய்ப் பார்ப்பது கவுண்டியின் கடமை.

எல்டனின் வீடு ஊரிலிருந்து வடக்கே இருபத்தாறு மைல். மார்லிஸும் நர்ஸ்தான், அவளே போனாள். தினமும் காலை ஆறரை மணிக்கு, கதவில் கவுண்டி முத்திரை போட்ட வெள்ளைக் காரில். அந்தச் சாலையில் இருபத்திரண்டாவது மைலில் ஒரு பெரிய பால்பண்ணை இருக்கிறது. அங்கே வேலை செய்பவர்கள் குவாத்தமாலாவிலிருந்து வந்தவர்கள். கார் பண்ணையைத் தாண்டி இன்னும் நாலு மைல் போனதை யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மே மாதம் முடிவதற்குள் அந்த ஒன்றுக்கு ஊர் ஒரு முகம் கொடுத்துவிட்டது. பண்ணையில் பால் கறக்கும் மத்தியாஸ் குளிர்காலம் முழுக்க இருமிக்கொண்டிருந்தான். வைக்கோல் தூசி. அவ்வளவுதான். அவனும் அவன் மனைவி ஒதிலியாவும் தாங்களாகவே எங்கள் அலுவலகத்துக்கு வந்து, ஏழு வயது மகள் யெசெனியாவையும் கூட்டிக்கொண்டு வந்து, சோதித்துக்கொண்டார்கள். மூவருக்கும் நோயில்லை. மார்லிஸ் முத்திரை குத்திய தாளில் அதை எழுதிக் கொடுத்தாள். ஒதிலியா அந்தத் தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தாள்.

என் நாத்தனார் கோனி, காசு போட்டு நாமே இயந்திரத்தில் துவைத்துக்கொள்ளும் லாண்டரியை நடத்துகிறாள், ஊரில் இருப்பது அது ஒன்றுதான். ஜூனில் அதன் கண்ணாடிக் கதவில் "உடல்நலக் காரணங்களுக்காக யாருக்கும் சேவை மறுக்க எங்களுக்கு உரிமை உண்டு" என்று அட்டை தொங்கியது. நான் துணி போடப் போயிருந்த அன்றைக்கு ஒதிலியா இரண்டு மூட்டைகளோடு வந்தாள். கோனி கல்லாவை விட்டு எழுந்து போய்க் கதவை மறித்துக்கொண்டாள்.

"மெஷின் ஒண்ணும் காலி இல்ல."

ஆறு இயந்திரங்கள் வாயைத் திறந்து கிடந்தன. ஒதிலியா உறையை எடுத்து நீட்டினாள். கோனி அதைத் தொடவே இல்லை.

"தாள்ல என்ன வேணா எழுதலாம்மா. போயிட்டு வா."

அவள் போன பிறகு நான் கோனியிடம் போனேன். "அந்தத் தாளை டைப் அடிச்சதே நான்தான் கோனி. அவங்களுக்கு ஒண்ணும் இல்ல."

"அப்ப யாருக்குன்னு சொல்லு. இப்பவே அட்டையக் கழட்டிடறேன்."

"சொல்ல முடியாது. சட்டம்."

"அப்ப எனக்குப் பாடம் எடுக்காத, நேடீன்."

என் துணிகளை அள்ளிக்கொண்டு வந்தேன். ஈரத் துணி. வீட்டில்தான் உலர்த்தினேன். அதைத் தவிர அன்று நான் செய்தது எதுவுமில்லை என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கே என்மேல் எரிச்சல் வருகிறது.

ஜூலை முதல் திங்கட்கிழமை, கமிஷனர்கள் கூட்டத்தில் ஹாபிகர் எங்கள் பயணக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஒரு நாளைக்கு அம்பத்திரண்டு மைல். பதினெட்டு டாலர் சொச்சம். ஒரே ஒரு ஆளுக்கு?"

"ஆமா. சனி, ஞாயிறு போக ஆறு மாசத்துக்கு ரெண்டாயிரத்து நானூறு டாலர்," என்றாள் மார்லிஸ். "மருந்துக்கு அடங்காம போச்சுன்னா ஒரு ஆளைக் குணப்படுத்த லட்சத்துக்கு மேல ஆகும். அதுக்குள்ள அது எத்தனை பேருக்குத் தொத்தும்னும் சேத்துக்கங்க."

"பண்ணை முதலாளி பாத்துக்கட்டுமே. கூட்டிட்டு வந்தவர் அவர்தானே?"

"நோயாளி யாருன்னு நான் சொல்லலையே, டுவேன்."

"நீ சொல்லணுமாக்கும்!" என்று ஹாபிகர் சிரித்தார். மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். பயணச் செலவு அன்றோடு நிறுத்தப்பட்டது. அரை நாள் நர்ஸின் வேலையை அடுத்த வருட பட்ஜெட்டிலிருந்து எடுத்துவிடலாம் என்றும் பேசினார்கள்.

மறுநாள் முதல் மார்லிஸ் தன் வீட்டு பிக்கப் வண்டியில் போனாள். சொந்தப் பெட்ரோல். அவளும் புருஷனும் சோளமும் கோதுமையும் போடுகிறவர்கள், அந்த வருடம் மழை பொய்த்திருந்தது. கோபம் வந்தால் மார்லிஸின் குரல் ஏறாது, இறங்கும். அந்த ஜூலை முழுக்க அவள் பேசுவதைக் கேட்க நான் பக்கத்தில் போய் நிற்க வேண்டியிருந்தது.

ஒருநாள் அவளோடு நானும் போனேன். எல்டன் சமையலறை மேசையில், சவரம் செய்து, சட்டைப் பொத்தானை மேல்வரை போட்டுக்கொண்டு காத்திருந்தார். மூன்று மாத்திரைகளையும் விழுங்கி, வாயைத் திறந்து காட்டினார். மார்லிஸ் தாளில் குறித்துக்கொண்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"எல்டன், ஒதிலியாவ லாண்டரிக்குள்ள விடமாட்டேங்கறாங்க."

"கேள்விப்பட்டேன்."

"அந்தப் பொண்ணு யெசெனியாவ நீச்சல் குளத்துலேர்ந்து அனுப்பிட்டாங்க. தண்ணிய மாத்தணும்னு நாலு அம்மாமாரு சண்டை போட்டிருக்காங்க."

"அதுவும் கேள்விப்பட்டேன்." அவர் கண்ணாடி டம்ளரைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். "முப்பத்தோரு வருஷம் இந்த ஊருப் பிள்ளைங்கள ஏத்திட்டுப் போயிருக்கேன், மார்லிஸ். ஒரு கீறல் பட்டதில்ல. இப்ப என்னைப் பாத்தா அவங்கள்லாம் என்ன நினைப்பாங்க? இந்தாளு எத்தனை நாளா இருமிட்டிருந்தான்னு கணக்குப் போடுவாங்கல்ல?"

"உங்களுக்கு நோய் வந்ததே போன குளிர்காலத்துலதான். யாருக்கும் தொத்தல. இப்ப உங்ககிட்டேருந்து தொத்தவும் தொத்தாது."

"அதை நம்புவாங்களா?"

"ஒதிலியாவ நம்பினாங்களா?"

அவர் டம்ளரைக் கொண்டுபோய் அலமாரியில் வைத்தார். வண்டியில் திரும்பும்போது மார்லிஸ் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்திருந்தாள். "அவர் பேரை நான் சொல்லக்கூடாது நேடீன். செத்தாலும் சொல்லமாட்டேன். ஆனா தினமும் அவர் வாய்க்குள்ள எட்டிப் பாக்கும்போது, இந்த வாய் ஒரு வார்த்தை சொன்னா என்னன்னு வயிறு எரியுது."

ஜூலை கடைசியில் மத்தியாஸின் வீடு காலியாகிவிட்டது. ஓக்லஹோமாவில் வேறொரு பண்ணைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி மாலை பட்ஜெட் விசாரணைக் கூட்டம். வழக்கமாக அதற்கு ஆறு பேர் வந்தால் அதிகம். அன்று கோர்ட் கட்டடத்தின் மேல் அறையில் நாற்காலி போதவில்லை. எல்டன் மூன்றாவது வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன்.

சுகாதாரத் துறையின் முறை வந்தது. ஹாபிகர் கண்ணாடியைக் கீழே இறக்கினார்.

"மார்லிஸ், அந்தக் குடும்பம் போயி மூணு வாரமாச்சு. நோயும் அவங்களோட போயாச்சு. அப்புறம் எதுக்கு இன்னும் பயணச் செலவு கேக்குற? இன்னும் எதுக்கு இன்னொரு நர்ஸு?"

"நோயாளி போகல. இங்கதான் இருக்காரு. இன்னிக்குக் காலையில மாத்திரை சாப்பிட்டாரு."

பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்: "அப்ப பேரைச் சொல்லு! எங்க வரிப்பணம்தானே?"

"சொல்லமாட்டேன்."

"எங்களுக்குத் தெரியாம எங்களுக்கு நடுவுல உலாத்துறானா?"

"உங்களுக்கு நாளைக்கு ஒரு நோய் வந்தா, உங்க பேரையும் நான் சொல்லமாட்டேன்," என்றாள் மார்லிஸ். குரல் வெகுவாகத் தாழ்ந்திருந்தது. "அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்."

எல்டன் எழுந்தார். மூட்டுவலிக்காரர், முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் எழ முடிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மகன், உட்காரச் சொல்லிச் சட்டையை இழுத்தான்.

"எங்கிட்டதான் வந்துச்சு அந்தக் காரு," என்றார். "எனக்குத்தான்."

அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. முன்வரிசையிலிருந்த ஒரு பெண் எழுந்து போய் அவர் தோளைத் தொட்டாள். "ஐயோ எல்டன், நீங்க சொல்லவே இல்லையே!" சாப்பாடு கொண்டுவந்து தரட்டுமா என்று இன்னொருத்தி கேட்டாள். ஹாபிகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்களையெல்லாம் பத்திரமாக் கொண்டுபோய்ச் சேத்தவர்," என்றார். பயணச் செலவைத் திரும்பத் தரவும், ஜூலையிலிருந்து மார்லிஸ் போட்ட பெட்ரோலுக்குப் பணம் கொடுக்கவும், அரை நாள் நர்ஸை வைத்துக்கொள்ளவும் அவரே தீர்மானம் கொண்டுவந்தார். மூன்று கைகள் தூக்கப்பட்டன. கடிகாரத்தைப் பார்த்தேன். எல்டன் எழுந்து நாலு நிமிடம்தான் ஆகியிருந்தது.

எல்லோரும் கை தட்டினார்கள். மார்லிஸ் பேசுகிறவர்களுக்கான மேசை அருகிலேயே நின்றாள்.

"ஜெயிச்சிட்டியே, உக்காரு," என்றார் ஹாபிகர், நல்ல மனதோடுதான்.

"போன மாசம் இதே நோய். இதே மாத்திரை. இதே ரோடு, இதே பதினெட்டு டாலர். அப்ப சிரிச்சீங்க." அவள் பேசுவதைக் கேட்க எல்லோரும் முன்னால் சாய வேண்டியிருந்தது. "இன்னிக்கு எதுய்யா மாறிச்சு? மாத்திரையா? ஒரு ஏழு வயசுப் பொண்ணைக் குளத்துலேர்ந்து தூக்கி வெளிய விட்டீங்க. அவளுக்கு ஒரு நோயும் இல்ல. நோய் இருக்கறவருக்குச் சோறு கொண்டுபோறீங்க. கொண்டுபோங்க, நல்லதுதான். அந்தக் குடும்பத்துக்கிட்ட மன்னிப்பு கேட்டு இந்தக் கூட்டத்து நடவடிக்கையில ஒரு வரி எழுதுங்க. அது போதும்."

"அவங்களைப் போகச் சொல்லி கமிஷன் தீர்மானம் ஒண்ணும் போடலையேம்மா," என்றார் ஹாபிகர். "அடுத்தது சாலைத் துறை."

ஒரு வரியும் எழுதப்படவில்லை. அந்த வாரம் மார்லிஸ், உள்ளூர்ப் பத்திரிகையில் எங்களுக்கென்று இருக்கும் சின்னப் பத்தியில், உண்ணிக் கடியைப் பற்றி எழுத வேண்டிய இடத்தில், நடந்ததை எழுதி அனுப்பினாள். ஆசிரியர் பாதியை வெட்டிவிட்டு மீதியைப் போட்டார். கோனி கதவிலிருந்த அட்டையை எடுத்துவிட்டாள். ஏன் வைத்தாள், ஏன் எடுத்தாள் என்று இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது நான் முப்பது மைல் தள்ளிப் பக்கத்து ஊரில் துணி துவைக்கிறேன்.

எல்டன் அக்டோபரில் கடைசி மாத்திரையை விழுங்கினார். அடுத்த வாரமே பால்பண்ணைக்குப் போய் முகவரி கேட்டு வாங்கிக்கொண்டு, நாலு மணி நேரம் வண்டி ஓட்டி ஓக்லஹோமாவுக்குப் போனார். திரும்பி வந்து எங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து சொன்னார்.

"ஒதிலியா வலைக் கதவைத் திறக்கல. கதவுக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டே கேட்டா, எத்தனை மாசமா உங்களுக்குத் தெரியும்னு. ஆறுன்னேன். ஆறான்னா. 'எம்பொண்ணு ஸ்கூல்ல இருமல் வந்தா வாயப் பொத்திக்கிட்டு பாத்ரூமுக்கு ஓடுறா'ன்னா. அப்புறம் உள்ள கதவையும் சாத்திட்டா."

மார்லிஸ் அவருக்குக் காப்பி கொடுத்தாள். ஆறுதலாக ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த ஆகஸ்ட் பட்ஜெட்டில் ஹாபிகர் அரை நாள் நர்ஸின் வேலையை மறுபடி வெட்டினார். கவுண்டியில் இப்போதுதான் காசநோயே இல்லையே என்றார். விசாரணைக்கு வந்தது ஆறு பேர். மார்லிஸ் எழுந்து மேசைக்குப் போய், மைக் வேண்டாம் என்று கையால் தள்ளிவிட்டு, தாழ்ந்த குரலில் பேச ஆரம்பித்தாள்.