காலுக்கு வெட்டிய குழி

உள்ளதைச் சொன்னால், அலுவிகாரை ஸக்கரியாவின் வலது காலை எந்த டாக்டரும் வெட்டவில்லை. அதற்குள் குழிதான் வெட்டியாகிவிட்டது.

சீனி வருத்தத்தில், அதுதான் நீரிழிவில், இரத்தக்குழாய் அடைத்துவிட்டது, விரல் புண் ஆறாவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டிவரும் என்று மாத்தளை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். 'ஆறாவிட்டால்' என்பதை ஸக்கரியா கணக்கிலேயே எடுக்கவில்லை.

வெட்டிய உறுப்பையும் மையித்தைப் போல வெள்ளைத் துணியில் சுற்றி அடக்குவது வழக்கம். அதை ஆஸ்பத்திரிக்காரரோ மகள் றிஸ்லாவோ ஒழுங்காகச் செய்வார்கள் என்று நம்ப அவருக்கு மனம் வரவில்லை. நொண்டி நொண்டி மையவாடிக்குப் போய், மனைவி றாபியாவை அடக்கிய கபுருக்குப் பக்கத்தில் பள்ளி மோதினார் பஸீரைக் குழி வெட்ட வைத்தார்.

"நானா, கால் இன்னும் ஒங்கட ஒடம்புலதானே ஈக்கி?"

"நீ வெட்டு. நான் ஆஸ்பத்திரியில கெடக்கக்குள்ள அரையடி தோண்டிட்டு மூடிருவாய்."

கண்டியில் டாக்டர் கிருஷாந்தினி வேறு கதை சொன்னார். கத்தி வேண்டாம், தொடையிடுக்கில் ஊசித்துளை போட்டு, மெல்லிய கம்பியைக் குழாய்க்குள் விட்டு, படத்தைப் பார்த்துக்கொண்டே அடைப்புவரை போய், சின்ன பலூனை ஊதி வழி திறப்பார்களாம்.

"கால் தப்புமா?"

"இரத்தம் பாதத்துக்குப் போனா தப்பும், ஐயா."

றிஸ்லா அழுதேவிட்டாள். ஸக்கரியாவுக்குச் சிரிப்பு வந்தது. நாற்பது வருஷம் மிளகு யாவாரம். மிளகில் பப்பாளி விதை கலந்தவர்களையெல்லாம் கையும் களவுமாகப் பிடித்தவர். ஒரு காலத்தில் கலந்தவரும் அவரேதான் என்பதால், லேசில் எவரையும் நம்பமாட்டார்.

மேசையில் படுக்கவைத்தார்கள். மயக்கவில்லை, துளை போட்ட இடம் மட்டும் விறைத்தது. டீவியில் ஒரு காலெலும்பு தெரிந்தது. மருந்து பாய, குழாய் கறுப்பாக இறங்கி, பாதி வழியில் நின்றது. எவனுடைய காலோ? பழைய படத்தைப் போட்டுக் காட்டுகிறார்களோ? பெருவிரலை மெல்ல ஆட்டிப் பார்த்தார். டீவியிலும் ஆடியது. அதுவும் போதவில்லை. பாதத்தையே ஆட்டினார்.

"ஐயா! கால ஆட்டாதீங்க! கம்பி உள்ள நிக்குது!"

"என்ட காலா எண்டு பார்த்தேன்."

"பின்ன என் காலா?"

நர்ஸ்மார் சிரித்தார்கள். காலைப் பட்டியால் கட்டிவிட்டு, படத்தை மறுபடி முதலிலிருந்து எடுத்தார்கள். எழுபத்திரண்டு வயதில் கட்டிப்போட வேண்டிய மாடாகிவிட்டோமே என்று தன்னையே ஏசிக்கொண்டு கிடந்தார். பலூன் ஊதியான பிறகு, கறுப்புக் கோடு மெதுவாக இறங்கி விரல்வரை போனது.

இரண்டு மாதத்தில் புண் மூடியது. மகள் மாட்டிவிட்ட சப்பாத்தோடு மையவாடிக்குப் போனார்.

"வாங்க நானா! ஒங்கட குழியில மழைத்தண்ணி நெறஞ்சு தவளை குடியிருக்கி. என்ன செய்ற?"

"மூடு."

"நான் மூடினா ஒங்களுக்குப் புடிக்காதே. இந்தாங்க, மண்வெட்டி."

தவளையை விரட்டிவிட்டு, மூச்சிரைக்க மண்ணைத் தள்ளினார். இறுக வேண்டுமே என்று வலது காலாலேயே மிதித்தார்.

"றாபியா, கொஞ்சம் பிந்தும்," என்றார் பக்கத்துக் கபுரைப் பார்த்து.

பிறகு மதிலில் உட்கார்ந்து, சப்பாத்தைக் கழற்றி விரல்களை எண்ணினார். ஐந்து. ஆனாலும் பஸீரைக் கூப்பிட்டு, அவனையும் ஒருதரம் எண்ணச் சொன்னார்.