கல்லுக்கு அப்பால் நின்றவள்

...அன்றைக்கு வைசூரியைக் கழியா நிறுத்தியது, இல்லை அதுவே நின்றதா, இதையேதான் மனசு கேட்டுக்கொண்டிருந்தது, கால் தன்பாட்டுக்கு மணலில் போய்க்கொண்டிருந்தது, தலையில் மீன்கடவம் இல்லாத நடை, மகளைக் கூட்டிவரப் போகிற நடை. தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு, எங்கள் கடற்கரையில் அதை மாற்ற ஆள் கிடையாது, மக்களே, இசபெலைக் கட்டிக்கொடுத்த அன்றே இந்த நாளுக்காகக் காத்திருக்கத் தொடங்கிவிட்டேன், மூலையை மெழுகி, பழைய சேலைகளைத் துவைத்து மடித்து... அப்போது பார்த்தா ஊருக்குள் வைசூரி வரவேண்டும்? மேலத்தெருவில் இரண்டு வீட்டில் அம்மை. ஊர்க்கமிட்டி கூடி வழியை அடைக்கச் சொல்லிவிட்டது, ஆபேல் ஊர் எல்லையில் அந்தப் பழைய இடத்திலேயே குழி தோண்டிக்கொண்டிருந்தான், பனங்கழி பக்கத்தில் கிடந்தது.

“மாமி, வெரசா போயி கூட்டிட்டு வாருங்கோ, நீங்க இஞ்ச வந்தபெறவு கட்டுதேன். பேரன்னா எனக்கு ஒரு கருப்பட்டிக் காப்பி, பேத்தின்னா ரெண்டு.”

“கட்டினா நிக்குமாலே?”

“கழி நிக்கும் மாமி. வைசூரி நிக்குமான்னு அதுகிட்டதான் கேக்கணும்.”

சிரித்தான் பாவி, எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் கால் நகரவில்லை. சுதந்திரம் கிடைத்த மறுவருஷம் இதே இடத்தில் இதே கழி, அன்றைக்கு வைசூரி அந்தப் பக்கம், வயல்காட்டு ஊரில், நாங்கள் இந்தப் பக்கம் சுகமாக. நாகம்மை அந்தப் பக்கத்துக்காரி, அவள் மரச்சீனிக்கு என் சாளை, அதுதான் எங்கள் கணக்கு, கழி கட்டிய பிறகும் விடவில்லை, கழிக்கு அப்பால் கிடக்கிற இந்தக் கல்லின் மேல் நான் மீனை வைத்துவிட்டு விலகுவேன், அவள் வந்து எடுத்துக்கொண்டு கிழங்கை வைத்துவிட்டுப் பனைமூடு வரை போய்விடுவாள், கடல்தண்ணீரில் அலசித்தான் அதை வீட்டுக்குள் எடுப்பேன். அங்கிருந்தே கூவுவாள், “ஏட்டி, நேத்து வச்ச மீனு உனக்க மாமியாரைவிட மூப்பு!” என்ன சிரிப்பு, என்ன குரல் அது... இப்போதும் காற்று திரும்பினால் கேட்கிறது.

எப்படி நின்றது அன்று? செபஸ்தியார் காத்தார் என்றார் உபதேசியார், ஊசிதான் என்றார் அம்மை குத்த வந்தவர், மழை என்றார்கள் கிழவர்கள். ஆனால் அடுத்த ஊரிலும் செபஸ்தியார் இருக்கிறாரே, மழை அங்கே பெய்யவில்லையா, ஊசிக்காரரும் போனாரே, கழி ஒன்றுதான் அங்கே இல்லை, திருவிழாவும் நடத்தினார்கள், அந்தக் கோயிலில் சாவுமணி ஓயாமல் அடித்தது எங்கள் கரைவரை கேட்டதே. எங்களுக்கும் வராமல் இல்லை, வந்தது, ஆனால் பிந்தி வந்தது, அதற்குள் ஊசிக்காரர் வந்து முக்கால் ஊருக்குக் குத்திவிட்டார்... நிறுத்தவில்லை, அப்படியானால். பிந்தவைத்தது. அந்தப் பிந்துதலில்தான் நாங்கள் பிழைத்தோமா? குத்துக்குப் பயந்து கவிழ்த்துப்போட்ட வள்ளத்தின் அடியில் ஒளிந்துகொண்ட கழுதை ஒன்று உண்டு, எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை, அவர் போன பிறகு உடம்பெல்லாம் மணலாக வெளியே வந்து பல்லைக் காட்டியது, நானும் சேர்ந்து சிரித்தேன். இசபெல்தான். கையில் குத்துத்தழும்பு இல்லாத இசபெல், இப்போது வயிற்றுப்பிள்ளையோடு...

நான் போகுமுன் அவளே வந்துவிட்டாள். அந்த மேட்டில், அவளுக்கு முன்னால் வயிறு, பின்னால் மூட்டையோடு மருமகன் ஜேசுதாஸ். என்னைக் கண்டதும் நடை ஓட்டமானது. நான் சுக்குக் கருப்பட்டிப் பொதியைக் கல்லின் மேல் வைக்கக் குனிந்தேன், கை கல்லில் படுமுன் இழுத்துக்கொண்டேன், மேலத்தெருக் காற்றைக் குடித்த கை இது. பின்னோக்கியே நடந்து, ஆபேலையும் தாண்டி ஊர்ப்பக்கம் நின்றேன்.

“அங்ஙனயே நில்லு மக்ளே! வீட்டுக்குத் திரும்பிப் போ. அம்மை குத்துறவரு வந்தா முதல்ல கையை நீட்டு.”

“என்னம்மா சொல்லுதிய? ரெண்டு எட்டு வச்சா இஞ்ச வந்துருவேன். எனக்க மேல கோவமா?”

“ஆபேலே, கட்டுலே கழியை.”

என் குரல்தானா அது, இவ்வளவு கடுப்பாக? கொஞ்சம் இளகினால் அவள் ஓடி வந்துவிடுவாள் என்று முகத்தைக் கடல்பக்கம் திருப்பிக்கொண்டேன், ஜேசுதாஸ் அவளைத் தோளில் பிடித்துத் திருப்புவது ஓரக்கண்ணில் தெரிந்தது. அப்போதுதான்... நாகம்மையைக் கடைசியாகப் பார்த்த நாளும் இப்படித்தான், வெறுங்கையோடு வந்தாள், கல்லுக்குக் கிட்டேயே வரவில்லை, “மீனும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், ஏட்டி, நீ போ” என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள், கழி எடுத்த பிறகும் வரவில்லை, அவள் வீடு பூட்டிக் கிடக்கிறது என்றார்கள், கிடக்கட்டும் திமிர்பிடித்தவள் என்று நானும் இத்தனை வருஷம்... அன்றைக்கு அவள் வீட்டில் யாருக்கு வந்திருந்தது?